ஒப்புக்குச் சப்பாணி அல்ல

புதன்கிழமைகளில் அப்பா எனக்கு முன்பே எழுந்துவிடுவார். ஐந்தரை மணிக்கு நான் அறையை விட்டு வெளியே வரும்போது, முழங்கால் பட்டையைக் கட்டி, ஷூ நாடாவை இறுக்கி, வாசல் படியில் தயாராக உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் அல்சூரிலிருந்து கிளம்பினால் சாலை வெறிச்சோடிக் கிடக்கும். ஆறு இருபதுக்கு கோல்ஃப் மைதானத்தின் முதல் டீயில், அதாவது முதல் பந்தை அடிக்கும் இடத்தில், நிற்போம். ஒன்பது குழியை முடித்து எட்டரைக்குள் காரை வெளியே எடுத்துவிட வேண்டும். எட்டே முக்கால் ஆகிவிட்டால் பெங்களூருவின் போக்குவரத்து பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு பத்து மணிக்கு அலுவலகம் என்பது நடக்காத காரியம்.

பதினெட்டு குழி ஆட வேண்டுமானால் ஐந்து மணி நேரம் வேண்டும். அதற்கு அப்பாவின் முழங்கால் தாங்காது, என் வேலையும் இடம் கொடுக்காது. எங்களுக்கு வாய்த்தது இந்த அரை ஆட்டம்தான். 2024 ஜனவரியிலிருந்து இந்த அரை ஆட்டத்தை, ஆட்டக்காரரின் திறனை எண்ணாகச் சொல்லும் ஹேண்டிகேப் விதிகள் வேறு கண்ணால் பார்க்கின்றன. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்து மேஜராக ஓய்வு பெற்றவர். ராணுவத்தில் அந்தப் படைக்குச் செல்லப் பெயர் 'தம்பி'. நீலகிரியில் வெலிங்டனில் இருந்த காலத்தில் கோல்ஃப் கற்றுக்கொண்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஞாயிறு தவறாமல் பதினெட்டு குழி நடந்தவர். நல்ல நாளில் அவருடைய ஹேண்டிகேப் 9 (எண் குறையக் குறைய ஆட்டம் நல்லது). 2019-இல் இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு ஒன்பதுக்கு மேல் நடக்க முடியவில்லை. ஆட்டத்தை விடவில்லை, ஆனால் அட்டை எழுதுவதை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டபோது ஒரே வரியில் பதில் சொன்னார்: "இனி நான் ஒப்புக்குச் சப்பாணி, பாப்பா."

சிறு வயதில் தெருவில் ஆடியவர்களுக்கு இந்தச் சொல்லின் வலி தெரியும். அடம்பிடிக்கும் பொடியனைக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வோம். அவனும் ஓடுவான், கத்துவான். பிடிபட்டாலும் அவுட் கிடையாது. ஆட்டத்தில் இருப்பான், கணக்கில் இருக்க மாட்டான். எழுபது வயதைக் கடந்த ஒரு மனிதர் தன்னைப் பற்றி அப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை.

கோல்ஃப் ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நன்றாக ஆடுபவரும் சுமாராக ஆடுபவரும் சரிசமமாக மோதுவதற்கு இருக்கும் ஏற்பாடுதான் ஹேண்டிகேப். பந்தை மட்டையால் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஓர் அடி; குறைந்த அடிகளில் முடிப்பவர் வெல்வார். சுமாரானவருக்குச் சில அடிகள் தள்ளுபடி. எத்தனை அடி என்பதை அவருடைய பழைய அட்டைகள் தீர்மானிக்கும். 2020 வரை உலகில் இதற்கு ஆறு முறைகள் இருந்தன. அமெரிக்கா, பிரிட்டனும் அயர்லாந்தும், ஐரோப்பா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினா என்று ஆளுக்கொரு கணக்கு. அமெரிக்க கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏவும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள கோல்ஃப் அமைப்பான ஆர் அண்டு ஏவும் சேர்ந்து 2020 ஜனவரியில் அவற்றை ஒன்றாக்கின. கடைசி 20 அட்டைகளை எடுத்து, அவற்றில் சிறந்த 8-இன் சராசரியைப் பார்ப்பது அந்த முறையின் அடிப்படை. ஆணோ பெண்ணோ, உச்ச வரம்பு 54.0.

எந்த மைதானத்தில் ஆடினோம் என்பதும் கணக்கில் வரும். தேர்ந்த ஆட்டக்காரருக்கு அந்த மைதானம் எத்தனை அடி கேட்கும் என்பது கோர்ஸ் ரேட்டிங். சாதாரண ஆட்டக்காரரை அது எவ்வளவு கூடுதலாகப் படுத்தும் என்பது ஸ்லோப். ஸ்லோப் 55 முதல் 155 வரை இருக்கும். 113 என்பது நடுத்தரம். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய டீன் நூத் என்பவர் உருவாக்கிய கணக்கு இது. நம் அடிகளிலிருந்து ரேட்டிங்கைக் கழித்து, 113-ஆல் பெருக்கி, ஸ்லோப்பால் வகுத்தால் அன்றைய ஆட்டத்தின் எண் கிடைக்கும். ஆங்கிலத்தில் அதை டிஃபரென்ஷியல் என்கிறார்கள். நான் இங்கே 'ஆட்ட எண்' என்றே எழுதுகிறேன்.

இனி ஒன்பது குழிக்கு வருவோம். பழைய விதியில் ஒன்பது குழி அட்டையைக் கொடுத்தால் அது தனியாகக் காத்துக் கிடக்கும். இன்னொரு ஒன்பது வந்து ஜோடி சேர்ந்த பிறகே இரண்டும் சேர்ந்து ஓர் ஆட்டமாகும். மார்ச் மாத வெயிலில் காய்ந்த தரையில் ஆடிய ஒன்பதும், ஜூன் மழையில் நனைந்த தரையில் ஆடிய ஒன்பதும் ஒன்றாக ஒட்டப்படும். இது யாருடைய எந்த நாளின் ஆட்டம்? 2024-இல் இது மாறியது. இப்போது ஒன்பது குழி ஆடிய அன்றே அது முழு ஆட்ட எண்ணாக மாறுகிறது. ஆடாத மற்ற ஒன்பதுக்கு, அதே ஹேண்டிகேப் உள்ள ஒருவர் நடுத்தர மைதானத்தில் வழக்கமாக எப்படி ஆடுவாரோ அந்த எதிர்பார்ப்பு எண் சேர்க்கப்படுகிறது. கவனிக்க வேண்டும்: அது நம்முடைய சொந்தப் பழைய ஆட்டம் அல்ல, நம் எண்ணைக் கொண்ட பொதுவான ஆட்டக்காரரின் ஆட்டம்.

இதை அப்பாவுக்கு நான் வாயால் விளக்கியபோது அவர் நம்பவில்லை. "பாதிப் பரீட்சை எழுதினவனுக்கு முழு மார்க் போடுவார்களா?" என்றார். பழைய பதிவு இருந்ததால் அவருடைய எண் உயிரோடுதான் இருந்தது. அட்டை எழுதச் சம்மதித்தார். நடக்க நடக்க எண் மெல்ல ஏறி 14.0-இல் வந்து நின்றது. அவருடைய இன்றைய ஆட்டத்தை உள்ளது உள்ளபடி சொன்ன எண் அது.

அந்த 14.0 இருந்த ஒரு புதன்கிழமையை நான் மறக்க மாட்டேன்.

அப்பா அட்டையை எடுத்தவுடன் செய்யும் முதல் வேலை, தனக்கு அடி கிடைக்கும் குழிகளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பது. கடுகளவு இருக்கும் அந்தப் புள்ளி. அழுத்தியும் வைக்க மாட்டார். அன்று ஒன்பது குழியில் ஏழுக்குப் புள்ளி. எட்டுக் குழி முடிந்தபோது 37 அடி. ஒன்பதாவது, பார் நான்கு, அதாவது நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழி. இரண்டாவது அடி வலப்பக்கம் ஒதுங்கி பங்கரில் விழுந்தது. மணலில் இறங்க முழங்காலுக்குச் சிரமம். கேடி அண்ணன் கையைக் கொடுத்து இறக்கிவிட்டார். பந்து மணலோடு எழும்பி வந்து கொடியிலிருந்து பத்தடியில் நின்றது. அண்ணன், குழியைச் சுற்றிய மென்புல் தரையான கிரீனின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து சிறுவனாக இந்த ஊருக்கு வந்து நாற்பது ஆண்டுகளாகப் பை சுமப்பவர். புல் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று கண்ணாலேயே சொல்வார். "சார், இரண்டு விரல் இடதுபக்கம். வேகம் வேண்டாம், தானாக இறங்கும்" என்றார். பந்து குழியின் விளிம்பைத் தொட்டு ஓரடி தள்ளி நின்றது. அதைத் தட்டிவிட்டு அப்பா பென்சிலை எடுத்தார். ஐந்து. மொத்தம் 42.

எங்கள் முன் டீயிலிருந்து அந்த ஒன்பது குழியின் ரேட்டிங் 34.0, ஸ்லோப் 126. 42-இல் 34 போனால் 8. அதை 113-ஆல் பெருக்கி 126-ஆல் வகுத்தால் 7.2. ஹேண்டிகேப் 14.0 உள்ளவருக்கு, ஆடாத ஒன்பதின் எதிர்பார்ப்பு 8.5. இரண்டையும் கூட்டினால் 15.7. மாலையில் கைப்பேசியில் அந்த எண்ணைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"எனக்கு அரை ஆட்டத்துக்கு ஏழு அடி. அதற்கு ஏற்றபடி கணக்காக ஆடிவிட்டு வந்திருக்கிறேன். பதினான்கு என்று வர வேண்டாமா? பதினைந்து புள்ளி ஏழு எப்படி வந்தது? மீதி ஒன்பதை நான் மோசமாக ஆடினேன் என்று யார் போய்ப் பார்த்தது?"

நியாயமான கேள்வி. புதிய விதி வந்த பிறகு கோல்ஃப் ஆடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வியும் இதுதான். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அப்பாவின் பழைய அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு இதற்கு விடை தேடினோம். விடை அந்த '20-இல் 8' என்பதில் இருக்கிறது. ஹேண்டிகேப் நம்முடைய சராசரி அல்ல. நம் நல்ல நாட்களின் சராசரி. தன் ஹேண்டிகேப்புக்கு ஏற்ப ஒருவர் ஆடுவது நான்கைந்து முறைக்கு ஒரு முறைதான். மற்ற நாட்களில் இரண்டு, மூன்று அடி கூடத்தான் ஆகும். ஆகவே 14.0 உள்ளவர் இன்னொரு ஒன்பதையும் ஆடியிருந்தால், வழக்கமான ஒரு நாளில், அது ஏழில் முடிந்திருக்காது. எட்டரைக்குப் பக்கத்தில்தான் வந்திருக்கும். ஏழு என்று போட்டால் ஆடாத ஒரு நல்ல நாளைச் சும்மா தூக்கிக் கொடுத்தது போலாகும். அப்பாவின் பழைய அட்டைகளிலேயே அது தெரிந்தது: முன் ஒன்பது நன்றாக அமைந்த நாட்களில் பின் ஒன்பதும் அதேபோல அமைந்தவை மிகக் குறைவு.

அப்பா அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசியில், "சரி, பொய் சொல்லவில்லை" என்றார். ராணுவக்காரர் ஒரு விதியை ஏற்றுக்கொண்டதற்கு அதுதான் அடையாளம்.

ஆனாலும் இந்தக் கணக்கில் ஒரு குறை இருப்பதாக எனக்குப் படுகிறது, அதையும் சொல்ல வேண்டும். எப்போதுமே ஒன்பது மட்டும் ஆடுகிறவருக்கு, ஒவ்வோர் ஆட்ட எண்ணிலும் பாதி எதிர்பார்ப்பு எண்தான். வாழ்நாளின் சிறந்த ஒன்பதை ஆடினாலும் மறுபாதி சாதாரணமாகவே நிற்கும். அதனால் அவருடைய நல்ல நாட்கள் அவ்வளவு நல்லவையாகத் தெரியாது, கெட்ட நாட்களும் அவ்வளவு கெட்டவையாகத் தெரியாது. சிறந்த எட்டை எடுக்கும் முறையில் இது எண்ணைச் சற்று மேலே நிறுத்திவிடும். போட்டியில் அவருக்கு ஓர் அடி கூடுதலாகக் கிடைத்துவிடுகிறது என்று பதினெட்டு ஆடுபவர்கள் முணுமுணுக்க இடம் உண்டு. அந்த முணுமுணுப்பை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் கணக்கில் சேர்த்துக்கொண்டு ஓர் அடி பிசகுவதும், கணக்கிலேயே சேர்க்காமல் விடுவதும் ஒன்றாகாது.

வேண்டுமென்றே மோசமாக ஆடி எண்ணை ஏற்றிக்கொள்வார்கள் என்ற பயமும் உண்டு. அதற்குப் பூட்டுகள் ஏற்கனவே இருக்கின்றன. கடந்த ஓராண்டின் மிகக் குறைந்த எண்ணைவிட 3.0-க்கு மேல் ஏறினால், அதற்கு மேல் ஏறுவதில் பாதிதான் கணக்கில் வரும், 5.0-க்கு மேல் ஏறவே முடியாது. திடீரென்று ஒரு நாள் தன் எண்ணைவிட 7 அடி சிறப்பாக ஆடிவிட்டால் ஒன்று குறைப்பார்கள், 10 என்றால் இரண்டு. ஒரு குழியில் எத்தனை தட்டினாலும் நெட் டபுள் போகி வரைதான், அதாவது பாருக்கு மேல் இரண்டு அடியும் அந்தக் குழியில் தனக்குள்ள தள்ளுபடியும் வரைதான், எடுத்துக்கொள்வார்கள். அதிலும் ஒன்பது குழியில் ஏமாற்றுபவரால் பாதியைத்தான் கெடுக்க முடியும், மறுபாதி அவர் கையில் இல்லையே.

என் ஆதங்கம் விதியின் மேல் அல்ல, விதி மாறிய பிறகும் மாறாதிருந்த வழக்கத்தின் மேல்தான். நாங்கள் ஆடும் கிளப்பில் தகுதிப் போட்டி என்றாலே ஞாயிறு காலை, பதினெட்டு குழி. பெண்களுக்கான நாள் வார நாளில், காலை ஒன்பது மணிக்கு. அந்த நேரத்துக்கு வேலைக்குப் போகும் எந்தப் பெண் வருவாள்? பல ஆண்டுகளாக இதே அட்டவணைதான். ஒன்பது குழிப் போட்டி ஒன்று வையுங்கள் என்று எழுதிக் கேட்டபோது, "அது பயிற்சி, போட்டி ஆகாது" என்று பதில் வந்தது. சொன்னவர் நல்ல மனிதர்தான், ஆனால் விதிப் புத்தகத்தின் புதிய பதிப்பைத் திறந்து பார்த்திருக்கவில்லை. நான் அந்தப் பக்கங்களை அச்செடுத்து, கோடிட்டு, கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். மூன்று கூட்டங்கள் ஆயின. சென்ற ஆண்டிலிருந்து மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, குழிக்குக் குழி மதிப்பெண் கொடுக்கும் ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில் ஒன்பது குழிப் போட்டி நடக்கிறது. முதல் முறை பதினொரு பேர் வந்தோம், அதில் ஏழு பேர் பெண்கள். ஒருவர் தன் ஹேண்டிகேப் அட்டையைக் கடைசியாக எடுத்தது மகன் பிறப்பதற்கு முன்பு என்றார். அந்த மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான்.

ஸ்டேபிள்ஃபோர்ட் ஒன்பது குழிக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஒரு குழி கெட்டுப்போனால் பூஜ்யம் போட்டுவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு நடக்கலாம். பின்னால் வருபவர்கள் காத்திருக்க வேண்டாம். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற மருத்துவர் இந்த முறையில் முதல் போட்டியை நடத்தியது 1932-இல், இங்கிலாந்தின் வாலசியில். ஒரு கெட்ட குழிக்காக முழு நாளும் பாழாகக் கூடாது என்பதுதான் அதன் சாரம். முழங்கால் வலிக்கும் மனிதருக்கு அது பெரிய கருணை.

மழைக்கும் புதிய விதி உதவுகிறது. பெங்களூருவில் மே மாத மாலையில் ஆடியவர்களுக்குத் தெரியும்: மூன்று மணிக்குச் சுள்ளென்ற வெயில், நாலரைக்கு மேற்கே கறுக்கும், ஐந்துக்கு இடி. சங்கு ஊதினால் எல்லோரும் மரத்தடியை விட்டு ஓடிவந்துவிட வேண்டும். முன்பு பதினெட்டு குழி ஆட்டமாகக் கணக்கில் வர 14 குழியாவது முடித்திருக்க வேண்டும். பன்னிரண்டில் சங்கு ஊதினால் முழு ஆட்டம் என்பது தண்ணீரில் கரைந்த மாதிரி, ஒன்பது குழி அட்டைதான் மிஞ்சும். இப்போது 10 முடித்திருந்தால் போதும், மீதிக்கு எதிர்பார்ப்பு எண்.

மைதானத்தின் நீளத்திலும் விதி இறங்கி வந்திருக்கிறது. முன்பு பதினெட்டு குழிக்குக் குறைந்தது 3,000 கஜம் வேண்டும்; இப்போது 1,500 கஜம் போதும். ஒன்பது குழிக்கு 750. குறுகிய பார்-மூன்று மைதானங்களும் முறைப்படி ரேட்டிங் பெற்றுவிட்டால் கணக்கில் சேரும். இதை நான் மிக முக்கியமான மாற்றமாக நினைக்கிறேன். 2024 கோடையில் இந்த ஊர் குடிநீருக்குத் தவித்தது. டாங்கர் லாரிக்குக் காத்திருந்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அப்படிப்பட்ட ஊரில் ஏக்கர் கணக்கில் புல் வளர்ப்பதைப் பற்றிப் பேசும்போது என் மனம் கூசுகிறது. சிறிய மைதானத்துக்கு நிலமும் குறைவு, தண்ணீரும் குறைவு. டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்த அதிதி அசோக் இந்த ஊரில் பிறந்தவர். அவரைப் பார்த்துவிட்டு ஆட வரும் சிறுமிகளுக்கு முதல் நாளே ஆறாயிரம் கஜம் தேவையில்லை. 750 கஜத்தில் அவர்களின் முதல் எண் எழுதப்படட்டும்.

இவ்வளவு எழுதிய பிறகும் மனதில் ஒருவர் நிற்கிறார்: அந்தக் கேடி அண்ணன்.

திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. புல் வெட்டும் வேலை நடக்கும். அன்று மாலை கேடிகள் ஆடலாம். உறுப்பினர்கள் கழித்துப்போட்ட மட்டைகள், குளத்திலிருந்து எடுத்த பந்துகள். வெளிச்சம் இருக்கும்வரை ஒன்பது குழிதான் முடியும். அண்ணன் பின் டீயிலிருந்து அடிப்பார். அப்பாவைவிட நன்றாக ஆடுவார், எங்கள் கிளப்பில் கோப்பை வாங்கிய பலரைவிடவும் நன்றாக ஆடுவார். 2009-இல் இந்தியன் ஓபனை வென்ற சி. முனியப்பா இதே ஊரில் கேடியாக இருந்தவர்தான். அண்ணனுக்கு மட்டும் எண் கிடையாது. கிளப் உறுப்பினராக இருந்தால்தான் ஹேண்டிகேப் என்பது விதி. இருபதாயிரம் முறை அடுத்தவர் அட்டையைச் சரிபார்த்திருப்பார், தன் பெயரில் ஓர் அட்டையும் இல்லை.

அப்பாதான் முதலில் கேட்டார்: "அவருக்கு எண் வாங்க எத்தனை ஆட்டம் வேண்டும்?" பார்த்தேன். முதல் எண்ணுக்கு 54 குழி. பதினெட்டாகவும் ஆடலாம், ஒன்பதாகவும் ஆடலாம். எண் இல்லாதவருக்கு எதிர்பார்ப்பு எண் போட முடியாது, ஆகவே ஒன்பதுகள் ஜோடி சேர்ந்தே ஆக வேண்டும். ஆறு ஒன்பது, ஆறு திங்கட்கிழமை.

கேடிகளுக்கென்று ஓர் உறுப்பினர் வகையைத் தொடங்கி, அவர்களுக்கும் எண் கொடுக்க வேண்டும் என்று கமிட்டிக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். அப்பா தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதில் இன்னும் வரவில்லை. பதில் வரும்வரை சும்மா இருக்க அப்பாவுக்குப் பொறுமை இல்லை. திங்கட்கிழமை மாலைகளில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒன்பதாவது கிரீனுக்குப் பக்கத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்கிறார். அண்ணனோடு ஆடுபவர் எழுதித் தரும் அட்டையை வாங்கிக் கூட்டிச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து என் மேசை இழுப்பறையில் வைக்கிறார்.

நேற்று நான்காவது அட்டை வந்தது. 39 அடி. ஓரத்தில் புள்ளி எதுவும் இல்லை. அண்ணனுக்கு எத்தனை அடி தள்ளுபடி என்று இன்னும் யாருக்கும் தெரியாது. பெயர் எழுதும் இடத்தில் மட்டும் அப்பா பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவால் எழுதியிருக்கிறார்.